ஜப்பானில் ஒரு முக்கால் இஞ்ச் வால்வு

அந்தக் கோயில் அலுவலக அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் ரூம்மேட் குமரேசன், மொட்டைத் தலையும் கறுப்பு அங்கியுமாக ஒரு பூசகர், நுழைவுச் சீட்டுக் கொடுக்கும் அம்மாள். தோட்டக்காரர் வாசல் நிலையில் நின்றுகொண்டிருந்தார். அவர் ரப்பர் ஷூவில் பெருவிரலுக்கு மட்டும் தனி அறை இருந்தது. அவரை உள்ளே என்றும் சொல்லலாம், வெளியே என்றும் சொல்லலாம். இல்லாதவர் ஒருவர்தான். யார் செய்த காரியத்துக்காக நானும் குமரேசனும் பாயில் முழங்காலை மடித்து உட்கார்ந்து தலை குனிந்திருந்தோமோ, அவர் இல்லை. உடைந்த வால்வின் பித்தளைத் தண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஜப்பான் மொழியில் ஒரு சொல் தெரியாமல், ஹார்டுவேர் கடை தேடிப் போயிருந்தார்.

மணி பன்னிரண்டே முக்கால். எங்கள் ரயில் மூன்று முப்பத்திரண்டுக்கு. அதைப் பிடித்தால்தான் நடுவில் ஒரு ஊரில் இறங்கிக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியும். பஸ்ஸைப் பிடித்தால்தான் ஏரிக்கரை அறைக்குப் போய், விடிந்ததும் ஃபுஜி மலையைப் பார்க்க முடியும். மலையைப் பார்க்கும் அதே நாள் மாலை துபாய்க்கு விமானம். மறுநாள் டூட்டி. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு காலைதான்.

அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். தூத்துக்குடிப் பக்கம். பர் துபாயில் ஏழு பேர் இருந்த எங்கள் பிளாட்டில் ஜன்னலோரக் கட்டில் அவருடையது. நாங்கள் மூன்று பேரும் ஒரே லேண்ட்ஸ்கேப்பிங் கம்பெனி. அண்ணாச்சி இரிகேஷன் போர்மேன். வில்லாக்களின் புல்லுக்கும் பூச்செடிக்கும் தண்ணீர்க் குழாய் போடுவது அவர் வேலை. குமரேசன் ஸ்டோர் கீப்பர். நான் டாகுமெண்ட் கண்ட்ரோலர், அதாவது கம்பெனியின் கடிதங்களை எழுதி, எண் போட்டு, ஃபைலில் வைப்பவன். ஆபீஸ் ஆள் என்பதால் அண்ணாச்சி என்னை மரியாதையாக ‘வே’ என்பார். குமரேசனை ‘ஏல’ என்பார்.

அவருக்கு ஓடும் தண்ணீரைப் பார்க்க ஆகாது. இதைச் சிக்கனம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பணத்தில் அவர் கஞ்சர் இல்லை. யாராவது ஊருக்குப் போனால் ஏர்போர்ட் டாக்சிக்குக் காசு கொடுப்பவர். தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவருக்குக் கையில் ஏதோ ஒன்று இருந்தது. குழாய் எங்கே திறந்திருந்தாலும் அந்தக் கை தானாகப் போய்விடும்.

நான் அந்த பிளாட்டுக்கு வந்த முதல் காலை. வாஷ்பேசினில் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து என் விலாவை உரசிக்கொண்டு ஒரு கை வந்தது, குழாயை மூடியது, போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் கைலி கட்டிய ஓர் ஆள்.

“பல்லுக்குத் தண்ணியா, தண்ணிக்குப் பல்லா?” என்றார். அதுதான் எங்கள் அறிமுகம்.

குளிக்கப் போனால் நான்காவது நிமிடம் கதவில் தட்டு விழும். “கலாஸ்! காலன் ஏறுது!” கலாஸ் என்றால் அரபியில் போதும், முடி. துபாயில் தண்ணீர் பில் காலன் கணக்கில்தான் வரும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு டியூப் விட்டு கேனில் பிடித்து வைப்பார். அதில்தான் தரை துடைக்க வேண்டும், அதைத்தான் அயர்ன் பாக்ஸில் ஊற்ற வேண்டும். “டிஸ்டில்டு வாட்டர் வே. கடையில போய்க் கேட்டுப் பாரு, சும்மா தாரானான்னு.” அந்தத் தண்ணீரில் அயர்ன் செய்த சட்டையோடுதான் நான் ஜப்பான் விசாவுக்குப் போட்டோ எடுத்தேன்.

பிளாட்டோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஓர் ஆகஸ்ட் மாத வெள்ளிக்கிழமை, சைட் ஒன்றில் ஸ்பிரிங்க்ளர் ஒன்று புல்லுக்கும் ரோட்டுக்கும் சேர்த்தே தண்ணீர் தெளிப்பதைப் பார்த்துவிட்டார். மெயின் வால்வையே மூடிவிட்டு, புது நாசில் கொண்டு வருகிறேன் என்று அடுத்த சைட்டுக்குப் போனார். அங்கே வேறொரு கசிவு. அப்புறம் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை அந்தப் புல்தரை தேங்காய் நார் நிறத்தில் இருந்தது. கஸ்டமருக்கு வருத்தம் தெரிவித்து நான்தான் கடிதம் எழுதினேன். எழுதியதைத் தமிழில் சொல்லும்படி அண்ணாச்சி கேட்டார், சொன்னேன்.

“ரோட்டுல ஓடுன தண்ணியப் பத்தி எழுதுனீரா?”

“இல்ல அண்ணாச்சி. மன்னிப்புக் கடிதத்துல அதெல்லாம் எழுதக் கூடாது.”

“அப்ப அது என்னத்துக்கு லெட்டரு?”

இரண்டு வருடத்தில் அவருக்காக நான் எழுதிய மன்னிப்புக் கடிதங்கள் மூன்று. மூன்றும் ஒரே ஃபைலில் இருந்தன. ஃபைலின் முதுகில் நான் வைத்த பெயர் ‘வால்வு’.

இப்படிப்பட்டவரை ஜப்பானுக்கு ஏன் கூட்டிப் போனோம் என்று கேட்கலாம். மூன்று பேர் சேர்ந்தால் அறை வாடகை கட்டுப்படியாகும் என்பது ஒன்று. இன்னொன்று, அவரே வருகிறேன் என்றார். அதற்குக் காரணம் பாசி. ஒரு வில்லாக்காரர் தன் வீட்டுக்குள் ஜப்பான் மாதிரிப் பாசித் தோட்டம் வேண்டும் என்று கேட்டு, பெட்டி பெட்டியாகப் பாசி இறக்குமதியாகி, அண்ணாச்சி அதற்குப் பனிபோல் தெளிக்கும் குழாயெல்லாம் போட்டு, மூன்றே வாரத்தில் எல்லாம் கருகிவிட்டது. கம்பெனியில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குத்தான் ஆறவில்லை.

“எங்க ஊர்ல குளத்துப் படியில பாசி புடிச்சா செரட்டைய வச்சுச் சொரண்டுவோம். அத ஒருத்தன் வளக்கான்னா எப்பிடி வளக்கான்னு நேர்ல பாக்கணும் வே.”

குமரேசன் என்னைத் தனியாகச் சமையலறைக்குக் கூப்பிட்டான். அவன் சேலத்துக்காரன். “வேணாம்டா. அவரு அங்க வந்து கடல மூடப் பாப்பாரு.”

நான் கேட்கவில்லை. எனக்கு மூன்றாவது ஆள் வேண்டியிருந்தது. அந்தப் பயணம் எனக்கு அவ்வளவு முக்கியம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் கால் வைத்த முதல் ஆள் நான். ஆறாம் வகுப்பில் ஏதோ ஒரு பாரம் நிரப்பித் தரவில்லை என்று ஹெட்மாஸ்டர் அறையில் நிறுத்தி வைத்தார்கள். வீட்டில் நிரப்பத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நின்றேன். எதிர்ச் சுவரில் ஒரு டிராக்டர் கடைக் காலண்டர். அதில் தலையில் பனி வைத்த ஒரு மலை, கீழே ஏரி, ஏரிக்குள் அதே மலை தலைகீழாக. படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஃபுஜி. அன்றே முடிவு செய்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். மறக்கவில்லை, அவ்வளவுதான். சம்பளம் ஏறி, துபாயில் இருந்தபடியே விசா கிடைக்கும் என்று தெரிந்ததும் மேப்பில் என் விரல் தானாக அந்த நாட்டுக்குத்தான் போனது. ஈத் விடுமுறையோடு லீவைச் சேர்த்து ஏழு நாள் திட்டம் போட்டேன். ஒவ்வொரு நாளும் எந்த நேரத்துக்கு எந்த ரயில், எந்தக் கோயில், எத்தனை நிமிடம் என்று நோட்டில் எழுதினேன். கடைசிக் காலைக்கு ஒரே ஒரு வரி: மலை.

முதல் நாளிலேயே நோட்டு பயனற்றுப் போனது.

மலைச் சரிவில் ஆயிரக்கணக்கில் சிவப்பு வாசல்கள் வரிசையாக நிற்கும் கோயிலுக்குப் போனோம். உலகமே வாசல்களுக்குள் நடந்து போனது. அண்ணாச்சி வாசல்களுக்கு வெளியே, பக்கத்து மழைநீர்க் கால்வாயைப் பார்த்தபடி நடந்தார். சரிவு எவ்வளவு, எங்கே வண்டல் பிடிக்கும், எந்த இடத்தில் கல்லை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் எடுத்த நாற்பது போட்டோவில் முப்பதில், சிவப்புத் தூண்களுக்கு அந்தப் பக்கம் குனிந்த ஒரு முதுகு இருக்கிறது.

கோயில் வாசலில் கை கழுவும் தொட்டி அவருக்குப் பிடித்துவிட்டது. நீளக் காம்பு வைத்த அகப்பையில் ஒரு தடவைதான் தண்ணீர் மொள்ள வேண்டும். அதிலேயே இடக் கை, வலக் கை, வாய். மிச்சத்தை, அகப்பையை நிமிர்த்தி அதன் காம்பு வழியாகவே ஓடவிட்டுக் கழுவி, அடுத்தவருக்கு வைக்க வேண்டும்.

“ஒரே அகப்ப! நாலு வேல! இவன் நம்ம ஆளு வே!” என்று கத்தினார். பிறகு இருபது நிமிடம் அங்கேயே நின்று, யார் இரண்டாவது அகப்பை மொள்கிறார்கள் என்று பார்த்தார். மொண்டவர்களை முறைத்தார். பெரும்பாலும் எங்களைப் போல் வெளிநாட்டார்தான். ஒரு பெண் பயந்து அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

அருவி ஒன்றுக்குப் போனோம். அங்கே அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. யாரோ திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்போல் நின்றார்.

“அண்ணாச்சி, எங்க, இத மூடுங்க பாப்போம்” என்றான் குமரேசன்.

“ஏல, மூடக்கூடியதா இருந்தா நீ சொல்லுத வரைக்கும் நிப்பனா?”

அவர் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது ஓர் இடத்தில்தான். தண்ணீரே இல்லாத தோட்டம். வெள்ளைச் சரளையை வாரி வாரி அலைகள்போல் கோடு போட்டு, நடுவில் தீவுபோல் சில கற்களை வைத்திருந்தார்கள். திட்டத்தில் நான் இருபத்தைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன். அவர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். “கல்லாலயே கடல் வரைஞ்சிருக்கான். ஒரு சொட்டு செலவில்ல. இவன் எஞ்சினியர்!” அங்கிருந்தே கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவைப் போட்டு, பாசி கேட்ட வில்லாக்காரருக்கு இதைக் காட்டுங்கள் என்று மேனேஜருக்கு ஆடியோ அனுப்பினார். நாங்கள் அடுத்துப் பார்க்க வேண்டிய மூங்கில் காடு அன்று போனது போனதுதான்.

ஆறாவது நாள் கியோத்தோவில் பாசித் தோட்டம். ஊர் ஓரத்தில், அடிவாரத்தில் இருந்த ஒரு சின்னக் கோயில். வாசலில் சீட்டு ஆளுக்கு அறுநூறு யென்.

“வழுக்கி விழுததுக்கு டிக்கெட்டா!” என்றார். ஆனால் உள்ளே போனதும் அப்படியே நின்றுவிட்டார். மரத்தடி, கல், வேர், கரை எல்லாம் பாசி. பச்சைக் கம்பளியைப் போர்த்திவிட்டு யாரோ கீழே தூங்குவதுபோல் மேடும் பள்ளமுமாக இருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தொடாமல், புறங்கையை மட்டும் அதன் மேல் காட்டி ஈரம் பார்த்தார். “ஸ்பிரிங்க்ளர் இல்ல. டிரிப் லைன் இல்ல. எப்பிடி வே?” என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்.

தோட்டத்தின் மூலையில் ஒரு மூங்கில் குழாய். மேலே இன்னொரு குழாயிலிருந்து அதற்குள் தண்ணீர் விழும். நிறைந்ததும் அது குப்புறக் கவிழ்ந்து தண்ணீரைக் கொட்டிவிட்டு, திரும்பி வந்து பின்னாலுள்ள கல்லில் இடிக்கும். டொக். அரை நிமிடத்துக்கு ஒரு தரம். முன்காலத்தில் பன்றியை விரட்ட வைத்ததாம். இப்போது அதைக் கேட்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். மர வராந்தாவில் பத்துப் பதினைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த டொக்குக்காகக் காத்திருந்தார்கள். நானும் குமரேசனும் அவர்களோடு உட்கார்ந்தோம். முதல் தடவையாக நோட்டில் எழுதிய நேரப்படி எல்லாம் நடந்துகொண்டிருந்தது. மனசுக்கு நன்றாக இருந்தது.

அடுத்த டொக் வரவில்லை.

ஒரு நிமிடம் ஆயிற்று. போனைத் தூக்கியவர்களுக்குக் கை வலித்தது. ஒரு கிழவர் காதுக் கருவியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டார். குமரேசன் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

“அண்ணாச்சி எங்கடா?”

அண்ணாச்சி புதருக்குப் பின்னாலிருந்து கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு வந்தார்.

“மூடிட்டேன்.”

“எத அண்ணாச்சி?”

“ஓடுதுல்லா, அதத்தான். நானும் பாத்தேன் வே. பம்பு இல்ல. திரும்பி வார பைப்பு இல்ல. துபாய் மால்ல ஓடுதுன்னா அது ஒரே தண்ணி, சுத்திச் சுத்தி வருது, அத நான் கேக்க மாட்டேன். இது ஒரு தடவ விழுது, அப்பிடியே ஓடைக்குப் போயிருது. எவனோ தொறந்து போட்டுட்டு மறந்துட்டான்.”

“வால்வ எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“ஒரு கல்லு மட்டும் மத்த கல்லு மாதிரி இல்ல. தூக்குனேன், இருந்துச்சு. எந்த ஊரா இருந்தாலும் தோட்டக்காரன் அங்கனதான் ஒளிச்சு வைப்பான்.” இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

“திறந்துட்டு வாங்க. இப்பவே.”

போனார். புதருக்குள்ளிருந்து ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. ஸ்டோர் கீப்பரான குமரேசன் கண்ணை மூடிக்கொண்டான். “ஸ்பிண்டில் ஒடஞ்சுருச்சு” என்றான். அந்த வால்வை எத்தனை காலமாக யாரும் தொடவில்லையோ. மூடும்போது மூடிக்கொண்டது, திறக்கும்போது தண்டு கையோடு வந்துவிட்டது. உள்ளே தண்ணீரை அடைக்கும் கதவு மூடியபடியே நின்றுவிட்டது.

அப்படித்தான் நாங்கள் அந்தப் பாயில் உட்கார்ந்தோம். பூசகர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து என் முன்னால் வைத்தார். உங்கள் நண்பர் இதை ஏன் மூடினார் என்று அதில் இருந்தது.  என் நான்காவது மன்னிப்புக் கடிதத்தை அங்கே தட்டினேன். அவர் பாலைவன நாட்டில் தோட்டங்களுக்குத் தண்ணீர் விடும் வேலை செய்கிறார், தண்ணீர் வீணாகிறது என்று நினைத்துவிட்டார், மிகவும் வருந்துகிறோம். பூசகர் படித்தார். இன்னொரு தரம் படித்தார். வாசலில் நின்ற தோட்டக்காரரிடம் காட்டினார். தோட்டக்காரர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, அதிர்ச்சியா என்று தெரியவில்லை.

எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று குமரேசன் கேட்டான். பூசகர் கையை ஆட்டி வேண்டாம் என்றார். அது மலை ஊற்றுத் தண்ணீர், இங்கே விழுந்து கீழ்க் குளத்துக்குப் போகிறது, அங்கே மீன் இருக்கிறது என்று போன் சொன்னது. நான்கு மணிக்கு முதியவர்கள் சிலர் தேநீர் அருந்த வருகிறார்கள், அதற்குள் அந்தச் சத்தம் வந்துவிட்டால் நல்லது என்றும் சொன்னது.

ஒன்று நாற்பதுக்கு அண்ணாச்சி வந்தார். ஒரு கையில் பிளாஸ்டிக் பையில் புது வால்வு, கசியாமல் இருக்கக் குழாயில் சுற்றும் டேப். இன்னொரு கையில் புது நுழைவுச் சீட்டு.

“இது என்ன?” என்றேன்.

“வாசல்ல வேற பொண்ணு நிக்கி. டிக்கெட்டுன்னுச்சு. எடுத்தேன்.”

“காலைல எடுத்த டிக்கெட் உங்க பாக்கெட்லயே இருக்கே!”

“அது காலைல வந்ததுக்கு.”

கடையை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. குமரேசன் கேட்டான். “ஒடஞ்ச பித்தளையக் காட்டுனேன், கையக் காட்டுனான். அடுத்தவன்ட்ட காட்டுனேன், அவனும் கையக் காட்டுனான். இதுக்குப் பாஷ எதுக்குல?”

தோட்டக்காரர் மேலே போய்த் தண்ணீரை நிறுத்திவிட்டு, இரண்டு பைப் ரெஞ்சோடு வந்தார். புதருக்குள் இரண்டு முதுகுகள் குனிந்தன. “முக்கால் இஞ்சேதான்! த்ரெட்டும் சேந்துட்டு வே!” என்று உள்ளிருந்து சத்தம். என்னைப் பொறுத்தவரை திருகு மரை எதுவாக இருந்தாலும் சரி. நான் பைகளை எடுத்து வாசலில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். ஸ்டேஷனுக்கு முப்பத்தைந்து நிமிடம்.

இரண்டு முப்பத்தெட்டுக்கு, டொக்.

வராந்தாவில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பூசகர் வந்து அண்ணாச்சியைப் பார்த்துக் குனிந்தார். அண்ணாச்சி பதிலுக்குக் குனிந்தார். நான் ஐந்து தடவை குனிந்து, பையைத் தூக்கி, “யல்லா அண்ணாச்சி, கிளம்புங்க” என்றேன். கணக்கு சரியாக இருந்தது. மூன்று பதினைந்துக்கு ஸ்டேஷன். பதினேழு நிமிடம் மிச்சம்.

அப்போது அந்தத் தோட்டக்காரர் அண்ணாச்சியின் சட்டைக் கையைத் தொட்டார். மூங்கில்களுக்குப் பின்னால் ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே இன்னொரு வால்வு. அதன் கழுத்தில் ஒரு துணி கட்டியிருந்தது. துணி நுனியிலிருந்து, இரண்டு விநாடிக்கு ஒன்றாக, சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

“வேணாம் அண்ணாச்சி.”

“ரெண்டு நிமிசம்.”

“மணி ரெண்டே முக்கால் ஆகப் போகுது.”

“சொட்டுது வே.”

“சொட்டட்டும்!” என்று கத்திவிட்டேன். இரண்டு வருடத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அன்றுதான். அதுவும் அந்த இடத்தில், சத்தம் போடக் கூடாது என்று படம் வரைந்த பலகைக்குக் கீழே நின்று. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “உங்களுக்குத் தெரியும்ல? நான் அந்த மலைக்காகத்தான் வந்தேன். நாளைக்கு ஒரு காலைதான் இருக்கு!”

அவர் என்னைப் பார்த்தார். என்மேல் இரக்கம் இருந்தது அந்தப் பார்வையில். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

“மல எங்கயும் போயிராது வே. இது ராத்திரி பூரா சொட்டிக்கிட்டே கெடக்கும்லா” என்றார். ரெஞ்சை எடுத்துக்கொண்டு மூங்கிலுக்குள் போய்விட்டார்.

“விட்டுட்டுப் போயிரலாமாடா?” என்றான் குமரேசன். விளையாட்டாகக் கேட்கவில்லை. போயிருக்கலாம். மொழி தெரியாத ஊரில் ஒற்றைப் பித்தளைத் துண்டை வைத்துக் கடை கண்டுபிடித்தவர், ஏர்போர்ட்டையும் கண்டுபிடித்திருப்பார். டிக்கெட் மூன்றும் என் போனில் இருந்தன, அதனால் போகவில்லை என்று குமரேசனிடம் சொன்னேன். அது காரணமில்லை. அவர் டிக்கெட்டை அவருக்கு அனுப்ப அரை நிமிடம் போதும். ஏன் போகவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர்மேல் வருகிற எரிச்சலில் பாதி என்மேலேயே வருவது அதனால்தான்.

இரண்டு நிமிடம், நாற்பத்திரண்டு நிமிடம் ஆயிற்று. வெளியே வந்தபோது முழங்கால் வரை சேறு, முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தோட்டக்காரர் அவருக்கு ஓர் ஆரஞ்சுப் பழம் கொடுத்திருந்தார். அதை மூன்றாகப் பிய்த்து எங்களுக்கு நீட்டினார். நான் வாங்கவில்லை.

அதே டிக்கெட்டில் அடுத்த ரயிலில் நின்றபடி போனோம். கடைசி பஸ் போயிருந்தது. அந்த ஊரிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கி, காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஏரிக்கரையில் இறங்கும்போது மணி பதினொன்று. முன்னால் ஏரி இருந்தது. அதற்கு மேல் வெள்ளைச் சுவர். அவ்வளவுதான். மலை என்று ஒன்று அங்கே இருப்பதற்கான அடையாளமே இல்லை. நாங்கள் தங்காமல் போன அறையின் சொந்தக்காரி எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, தன் போனைக் காட்டினார். அன்று காலை ஆறு மணிக்கு அவர் வாசலிலிருந்து எடுத்த படம். பனி, மலை, கீழே ஏரியில் தலைகீழாக அதே மலை. ஒன்பது மணிக்கு மேகம் ஏறிவிட்டதாம். எப்போதும் அப்படித்தானாம், காலையில்தான் தெரியுமாம். எனக்குத் தெரியாதா. நோட்டில் எழுதி வைத்திருந்தேனே.

ஏரிக்கரைக் கம்பியைப் பிடித்தபடி மூன்று பேரும் நின்றோம்.  அண்ணாச்சி அந்த வெள்ளையை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

“எம்புட்டுத் தண்ணி மேல நிக்கி!” என்றார். “எத்தன காலன் இருக்கும் வே?”

நான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து என் விலாவை உரசிக்கொண்டு ஒரு கை வந்தது. அதில் ஒரு படத் தபால் அட்டை. பக்கத்துக் கடையில் வாங்கியிருக்கிறார். தெளிந்த வானத்தில் மலை.

“இந்தாரும். இதுல மேகம் இல்ல” என்றார்.

நான் வாங்கிப் பையில் செருகினேன். நன்றி சொல்லவில்லை. விமானத்தில் அவர், அங்கே தரும் வாந்திப் பை ஒன்றின் பின்பக்கத்தில் செலவை எழுதி, மூன்றால் வகுத்து, என் பங்கை என்னிடம் சொன்னார். வால்வையும் சேர்த்து! அவர் இரண்டாவது தடவை எடுத்த நுழைவுச் சீட்டையும் சேர்த்து! “சேந்துதான வந்தோம்” என்றார்.

போன வருடம் அண்ணாச்சி மஸ்கட்டுக்குப் போய்விட்டார். அங்கே ரூவி என்ற இடத்தில் அவர் மச்சினன் பிளம்பிங் சாமான் கடை வைத்திருக்கிறார், அதில் இவர் உட்கார்ந்திருக்கிறார். மாதம் ஒரு ஆடியோ வரும். நலமா என்று கேட்க மாட்டார். அந்தக் கோயிலுக்கு மெயில் போட்டு, ரெண்டாவது வால்வு இப்போது சொட்டுகிறதா என்று கேளும் என்பார். ஒரு தடவை நச்சரிப்புத் தாங்காமல் கேட்டேன். சொட்டவில்லை என்று பதில் வந்தது. அதை அவருக்கு அனுப்பினேன். “அப்ப மொத வால்வு?” என்று அடுத்த ஆடியோ.

மலைக்கு நமக்கு எவ்வளவுடா ஆச்சு என்று குமரேசன் இன்னும் சீண்டுவான். போகாத ஏரிக்கரை அறைக்குப் பதிமூவாயிரத்து ஐந்நூறு. நடுவழி அறைக்கு ஒன்பதாயிரம். வால்வுக்கும் டேப்புக்கும் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது. இரண்டாம் நுழைவுச் சீட்டு அறுநூறு. அண்ணாச்சி வகுத்த கணக்கில் இவ்வளவுதான் இருக்கிறது. அந்தத் தபால் அட்டைக்குப் பின்னால் விலை ஒட்டியிருந்தது, நூற்றைம்பது. அதை அவர் எழுதவில்லை. நான் கூட்டிக்கொள்கிறேன்: இருபத்தைந்தாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு யென்.